எந்த வருஷத்து வண்டி?

சென்னையில் பாடியிலிருந்து ஆவடி வரை சி.டி.எச். சாலையின் இருபுறமும் கிளை பிரியும் தெருக்களில் பட்டறைகளுக்குக் குறைவில்லை. லேத், வெல்டிங், டிங்கரிங், ரேடியேட்டர் வேலை என்று வரிசையாகப் போகும். அப்படி ஒரு பட்டறையின் ஓரத்தில், தார்ப்பாய்க்கு அடியில், டயரில் காற்றில்லாமல் நிற்கும் பழைய ஜீப்பின் சொந்தக்காரரிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டாவது வாக்கியம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: "மிலிட்டரி வண்டி சார், வேர்ல்டு வார் டைம்."

இந்தப் பக்கத்தில் அந்த வாக்கியத்துக்கு ஒரு பலம் இருக்கிறது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965-இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. போர் வாகன ஆராய்ச்சி நிறுவனமும் அதே ஊரில்தான். பச்சை வண்ண வண்டிகளைப் பார்த்தே வளர்ந்த ஊர்க்காரர்கள் ஒரு ஜீப்பைப் பார்த்ததும் ராணுவத்தை நினைப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் நினைப்பது வேறு, நிறுவுவது வேறு. அந்த ஜீப் உண்மையில் எந்த மாடல், எந்த வருஷத்து வண்டி என்று கண்டுபிடிப்பது எப்படி? கேள்வி சின்னதாகத் தெரியும். பதில் தேடப் புறப்பட்டால் உலோகவியல், கல்வெட்டியல், தடய அறிவியல் என்று ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டிவரும்.

இனி வரும் ஜீப் ஒரே ஒரு வண்டி அல்ல. பல பழைய வண்டிகளில் காணப்படும் அடையாளங்களை ஒரே வண்டியில் ஏற்றியிருக்கிறேன். முன்னால் ஏழு நெடுக்குத் துளைகள் உள்ள கிரில், உயரமான பேனட், டி.என். என்று தொடங்கும் நம்பர், அரைகுறையாக உரிந்த பச்சை பெயிண்ட். சொந்தக்காரர் 1944 மாடல் என்கிறார். இதை வைத்துக்கொண்டு தொடங்குவோம்.

முதலில் கேள்வியையே உடைக்க வேண்டும். மனிதனுக்கு ஒரு பிறந்த நாள்தான். பழைய ஜீப்புக்கு அப்படி இல்லை. சேஸ் ஒரு வருஷம் பிறந்திருக்கும், எஞ்சின் வேறு வருஷம், பாடி இன்னொரு வருஷம், ஆர்.சி. புக் கடைசியாகப் பிறந்திருக்கும். எஞ்சின் உடைந்தால் புதுப்பேட்டைக்குப் போய் வேறொன்று வாங்கி இறக்குவது நம் ஊரில் சாதாரணம். பாடி துருப்பிடித்தால் தகரம் வெட்டி ஒட்டுவார்கள், அல்லது முழுப் பாடியையே மாற்றுவார்கள். ஆகவே வண்டியைப் பரிசோதிக்கும்போது கையில் ஒரு அளவுகோல் வேண்டும். என் அளவுகோல் இது: ஒரு பாகத்தை மாற்றுவது எவ்வளவு சிரமமோ, அதன் சாட்சியம் அவ்வளவு நம்பத் தகுந்தது. நான்கு போல்ட்டில் கழன்று வருவதன் பேச்சை அரை மனதோடு கேட்க வேண்டும். ரிவெட் அடித்து இறுக்கிய சேஸின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

இந்த அளவுகோலில் நம்பர் பிளேட்டுக்குக் கடைசி இடம். இரண்டு திருகில் நிற்கிற தகடு அது. ஆனாலும் அது சொல்லும் ஒன்றிரண்டு செய்தி உண்டு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. நமக்குப் பழகிப்போன டி.என். எண் முறை அதன் பிறகு வந்ததுதான். அதற்கு முன்பு மூன்று ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணுமாக எழுதுவார்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் கார் வரும் காட்சியை நிறுத்திப் பார்த்தால் தெரியும். டி.என். 12 என்றால் பூந்தமல்லி, டி.என். 13 என்றால் அம்பத்தூர். நம் ஜீப்பில் டி.என். இருக்கிறது என்பதற்காக அது 1989-க்குப் பிறகு செய்த வண்டி ஆகிவிடாது. ராணுவ வண்டிகளை ஆர்.டி.ஓ. அலுவலகம் பதிவதில்லை, ராணுவமே பதிந்துகொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது. பல வருஷம் ஓடிக் களைத்து, கழிக்கப்பட்டு, ஏலத்தில் விற்ற பிறகுதான் அந்த வண்டி சிவில் உலகத்தில் நம்பர் வாங்கும். ஆர்.சி. புக்கில் உள்ள தேதி அந்த வண்டிக்கு இரண்டாவது பிறப்பு. எதிர்த்திசையிலும் நடக்கும்: பழைய மூன்றெழுத்து நம்பரும் புத்தகமும் இருக்கும், வண்டி மட்டும் வேறாகியிருக்கும்.

ராணுவம் கொடுத்த நம்பர் கிடைத்தால் அது பெரிய அதிர்ஷ்டம். இந்திய ராணுவ வண்டி எண்ணின் தொடக்கத்தில் மேல்நோக்கிய ஓர் அம்புக்குறி இருக்கும். பிரிட்டிஷ் அரசு தன் உடைமைகளில் பொறித்த அகன்ற அம்பின் வாரிசு அது. அம்புக்கு அடுத்த இரண்டு இலக்கம், வண்டி எந்த ஆண்டு வாங்கப்பட்டது என்பதைக் காட்டும். பிறகு வண்டியின் வகைக்கான எழுத்து, வரிசை எண் என்று போகும். ஏலத்தில் விற்றதும் இதன் மேல் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். ஆனால் பெயிண்டுக்குத் தடிமன் உண்டு. எழுத்தின் விளிம்பு மேல் பூச்சிலும் நூலிழை அளவு மேடாக நிற்கும். பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. இருட்டிய பிறகு டார்ச்சைத் தகரத்தோடு ஒட்டிப் பிடித்து, ஒளி பக்கவாட்டில் ஊர்ந்து போகும்படி அடித்தால், அந்த மேடு நிழல் வீசும். அழிந்த எழுத்து எழுந்து வரும். தேய்ந்த கல்வெட்டைப் படிப்பவர்களும் இதே சாய்வொளியைத்தான் நம்புகிறார்கள்.

இனி வண்டியின் முகத்துக்கு வருவோம். அதற்குக் கொஞ்சம் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். 1940-இல் அமெரிக்க ராணுவம் சின்னதாக, நான்கு சக்கரமும் இழுக்கிற ஒரு வண்டி கேட்டது. பாண்டம் என்ற சிறிய கம்பெனிதான் முதல் மாதிரியை அந்த ஆண்டு செப்டம்பரில் கொண்டுவந்து நிறுத்தியது. பெரும் எண்ணிக்கையில் செய்யும் வாய்ப்பு வில்லிஸ் கம்பெனிக்கும் ஃபோர்டுக்கும் போனது. வில்லிஸ் செய்த எம்.பி. மாடல் மூன்றரை லட்சத்துக்கும் மேல். அதே வரைபடத்தில் ஃபோர்டு செய்த ஜி.பி.டபிள்யூ. இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேல். 1941-க்கும் 1945-க்கும் இடையில் இத்தனையும். வில்லிஸின் ஆரம்பகால வண்டிகளில் கிரில் பட்டைக் கம்பிகளைப் பற்றவைத்துச் செய்தது. ஒரே தகட்டை அச்சில் அழுத்தி ஒன்பது துளைகளோடு கிரில் செய்யும் மலிவான வழியை ஃபோர்டு கண்டுபிடிக்க, வில்லிஸும் அதையே எடுத்துக்கொண்டது. போர் முடிந்ததும் வில்லிஸ் பொதுமக்களுக்கு விற்ற சி.ஜே. வரிசையில் ஒன்பது ஏழானது. ஹெட்லைட் பெரிதாகி முன்னே துருத்தியது. பின்பக்கம் திறக்கும் கதவு வந்தது. பின்னால் தொங்கிய ஸ்டெப்னி பக்கவாட்டுக்குப் போனது.

ஆக, ஒன்பது என்றால் போர்க்காலம், ஏழு என்றால் போருக்குப் பின் என்று முடித்துவிடலாமா? நம் ஜீப்பில் ஏழு. 1944 என்கிற கதை இங்கேயே இறந்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். அவசரம் வேண்டாம். கிரில் போல்ட்டில் நிற்கும் தகடு. அளவுகோலை மறக்கக் கூடாது.

ஒரு வண்டியின் முகம் எவ்வளவு கனமான விஷயம் என்பதற்கு ஓர் இடைச்செருகல். மஹிந்திரா 2018-இல் அமெரிக்காவில் ராக்ஸர் என்ற வண்டியை விற்கத் தொடங்கியபோது, ஜீப் பெயரின் அன்றைய உரிமையாளரான ஃபியட் கிரைஸ்லர் அதன் தோற்றம் தன்னுடையது என்று வழக்கு போட்டது. 2020-இல் அமெரிக்க சர்வதேச வணிக ஆணையம் ஃபியட் கிரைஸ்லர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மஹிந்திரா முகத்தை மாற்றி வரைந்து விற்க வேண்டியதாயிற்று. ஒரு வண்டியை மனிதர்கள் எதை வைத்து அடையாளம் காண்கிறார்கள் என்பது ஒரு வழக்குக்கே விஷயமாகிறது.

பேனட்டின் உயரம் அடுத்த தடயம். இதன் காரணம் எஞ்சினுக்குள் இருக்கிறது, அழகான காரணம். போர்க்கால ஜீப்பின் எஞ்சின் 134 கன அங்குலம், அதாவது 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன். அதில் காற்றை உள்ளே விடும் வால்வும் புகையை வெளியே விடும் வால்வும் சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்கிலேயே உட்கார்ந்திருக்கும். எஞ்சின் தலையில் அசையும் பாகம் எதுவும் கிடையாது. தட்டையான ஒரு மூடி, அதில் நான்கு ஸ்பார்க் பிளக். பேனட்டைத் தாழ்வாக வைக்க முடிந்தது. பின்னர் அதே எஞ்சினில் உள்வால்வை மட்டும் தூக்கி சிலிண்டருக்கு மேலே வைத்தார்கள். வால்வைப் பெரிதாக்க முடிந்தது, காற்று நேராக இறங்கியது, திறன் 70-ஐத் தாண்டியது. ஆனால் வால்வை அழுத்தும் ராக்கர்களுக்கும் அவற்றின் மூடிக்கும் இடம் வேண்டுமே! எஞ்சின் உயர்ந்தது, அதற்காக பேனட்டும் உயர்ந்தது. 1953-இல் வந்த சி.ஜே.3பி மாடலின் உயர்ந்த நெற்றிக்கு இதுதான் காரணம். பேனட்டைத் திறந்து எஞ்சின் தலையைப் பார்த்தால் போதும். தட்டை மூடி என்றால் பழைய எஞ்சின், ராக்கர் மூடி என்றால் புதியது. ஸ்பார்க் பிளக்கே இல்லாமல் மெல்லிய உலோகக் குழாய்கள் ஓடினால் டீசல். பிளக்கை எண்ணும்போது ஆறு வந்தால் நீங்கள் நிற்பது வேறு வம்சத்தின் முன்னால். அது நிசான் பேட்ரோலின் உரிமத்தில் ஜபல்பூரில் 1969 முதல் ராணுவத்துக்காகச் செய்த ஜோங்காவாக இருக்கலாம்.

நம் ஜீப்பில் நான்கு பிளக், ராக்கர் மூடி. அதாவது எஞ்சின் போர்க்காலத்தைச் சேர்ந்ததாக இருக்க முடியாது. பிந்தையது என்றால் எவ்வளவு பிந்தையது? இங்கேதான் இந்திய ஜீப் தன் அமெரிக்க உறவினரைவிடக் கடினமான புதிர் ஆகிறது.

அமெரிக்காவில் சி.ஜே.3பி 1953 முதல் 1968 வரை. ஏறக்குறைய 1,55,000 வண்டிகள். அந்த வடிவத்தை ஒருவர் அங்கே கண்டால் பதினைந்து வருஷ வட்டத்துக்குள் வந்துவிடுவார். இங்கே அப்படி இல்லை. 1945-இல் மஹிந்திரா சகோதரர்கள் ஜே.சி., கே.சி. இருவரும் மாலிக் குலாம் முகமதுவும் சேர்ந்து தொடங்கிய மஹிந்திரா அண்டு முகமது, பிரிவினைக்குப் பின் குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போய்விட, 1948-இல் மஹிந்திரா அண்டு மஹிந்திரா ஆனது. பிரித்துக் கப்பலில் வந்த வில்லிஸ் பாகங்களை பம்பாயில் பூட்டுவதில் ஆரம்பித்து, பிறகு சி.ஜே.3பியை இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். அமெரிக்கா நிறுத்திய பிறகும் இங்கே நிற்கவில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடும் தொழில் உரிமக் கட்டுப்பாடும் இருந்த பல பத்தாண்டுகளுக்கு இந்தியச் சாலையில் வடிவங்கள் உறைந்துபோயிருந்தன. 1950-களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு உடலோடு அம்பாசிடர் 2014 வரை வந்ததை நாம் பார்த்திருக்கிறோம். ஜீப்புக்கும் அதே கதை. வெளி உருவத்தை வைத்து வருஷம் சொல்லும் கலை இந்தியாவில் பாதியில் கையை விரித்துவிடும்.

கொஞ்சம் உதவுவது டேப். முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை, ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது அளக்க வேண்டும். போர்க்கால ஜீப்பும் சி.ஜே.3பியும் 80 அங்குலம், 203 சென்டிமீட்டர். 91 அங்குலம், 231 சென்டிமீட்டர் வந்தால் எண்பதுகளில் வந்த எம்.எம். 540 போன்ற பின்னாள் மஹிந்திரா என்று யோசிக்கலாம். அதற்குள் இருந்தது பீஜோ எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் எஞ்சின். பெயரே கணக்குச் சொல்லும்: நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம். பிஸ்டன் 83 மில்லிமீட்டர் ஓடுகிறது. பெருக்கினால் 2,112 சி.சி. நம் ஜீப் 80 அங்குலம்தான். சந்தேகம் குறையவில்லை.

அப்போது நான் போல்ட்டுகளிடம் போவேன். வண்டியின் வருஷத்தைத் தேடுகிறவர்கள் அதிகம் கவனிக்காத சாட்சி, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி. எல்லா மரையும் ஒன்றல்ல. பழைய பிரிட்டிஷ் விட்வொர்த் மரையின் பள்ளம் 55 பாகைக் கோணத்தில் வெட்டியது. அமெரிக்க மரை 60 பாகை. போரின்போது நேச நாடுகள் ஒன்றின் நட்டை இன்னொன்றின் போல்ட்டில் ஏற்ற முடியாமல் பட்ட அவதிக்குப் பிறகு, 1948 நவம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் கூடி 60 பாகைக் கோணத்தில் ஒரு பொது மரைக்கு ஒப்புக்கொண்டன. மெட்ரிக் மரையும் 60 பாகைதான், ஆனால் அதன் இடைவெளி மில்லிமீட்டரில் போகும். இந்தியா 1956-இல் சட்டம் இயற்றி, அடுத்த சில ஆண்டுகளில் படிப்படியாக மெட்ரிக் அளவுக்கு மாறியது. ஆனால் அமெரிக்க வரைபடத்தில் செய்த ஜீப் அங்குலத்தைவிட்டு அவ்வளவு சீக்கிரம் இறங்கிவிடவில்லை.

ஆகவே ஸ்பானர் பெட்டியே ஒரு பரிசோதனைக் கருவி. போல்ட் தலையில் 13 மில்லிமீட்டர் ஸ்பானர் லேசாக ஆடுகிறது என்றால் அது அரை அங்குலத் தலையாக இருக்கும். அரை அங்குலம் 12.7 மில்லிமீட்டர்; மிச்சம் உள்ள 0.3 மில்லிமீட்டர் ஆட்டம்தான் காலப்போக்கில் அறுகோண முனைகளை மழுக்கிவிடும். பழைய ஜீப்பில் உருண்டுபோன போல்ட் தலைகளைக் கண்டால், அங்குல வண்டியை மெட்ரிக் ஸ்பானரால் பலகாலம் திருகியிருக்கிறார்கள் என்று படிக்கலாம். ஸ்பானர் கச்சிதமாக உட்கார்ந்தால் அந்த இடத்தில் பின்னாளில் கை வைத்திருக்கிறார்கள். மரை கேஜின் பற்களை வைத்துப் பார்த்தால் உறுதியாகிவிடும். ஒரு வண்டியில் நூறு போல்ட்டைப் பார்த்து, எங்கே அங்குலம், எங்கே மெட்ரிக் என்று ஒரு காகிதத்தில் குறித்தால், அந்த வண்டி எங்கெங்கே அறுவை சிகிச்சை செய்துகொண்டது என்ற வரைபடம் கிடைத்துவிடும்.

மின்சாரப் பாகங்கள் வழியாக நம் வட்டாரமே வண்டிக்குள் வந்து உட்காரும். லூகாஸ்-டி.வி.எஸ். பாடியில் தொடங்கியது 1961-இல். நம் ஜீப்பின் டைனமோவில் லூகாஸ்-டி.வி.எஸ். என்ற பெயர் இருக்கிறது; அந்த டைனமோ 1961-க்கு முன்பு அங்கே வந்திருக்க வழியில்லை. தொல்லியலில் ஒரு குழியிலிருந்து நாணயம் கிடைத்தால், அந்த மண்ணடுக்கு நாணயம் அச்சிட்ட வருஷத்துக்கு முன்னதாக மூடியிருக்காது என்பார்கள். அதே தர்க்கம். ஆனால் நாணயம் அடுக்கின் வயதைச் சொல்கிறது, ஊரின் வயதை அல்ல. டைனமோ தன் வருகையைச் சொல்கிறது, ஜீப்பின் பிறப்பை அல்ல. போர்க்கால ஜீப் 6 வோல்ட்டில் ஓடியது. இன்று அதில் 12 வோல்ட் பேட்டரி இருந்தால் யாரோ வசதிக்காக மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத்தில் வாரமும் ஆண்டும் இருக்கும். அது டயரைத் தவிர எதைப் பற்றியும் பேசாது.

இதுவரை கேட்ட சாட்சிகள் எல்லாம் கழற்றக்கூடியவை. இனி கழற்ற முடியாததிடம் போக வேண்டும். வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும்.

போர்க்கால ஜீப்புகளில் வில்லிஸா ஃபோர்டா என்பதை முன் பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டருக்குக் கீழே உள்ள குறுக்கு இரும்பு சொல்லிவிடும். வில்லிஸில் அது உருண்டைக் குழாய். ஃபோர்டில் கவிழ்த்த 'ப' வடிவம். கண்ணால்கூடப் பார்க்க வேண்டாம், கை விட்டுத் தடவினால் போதும். நம் ஜீப்பில் கை தடவுவது கவிழ்த்த 'ப'. கதை திரும்புகிறது. ஏழு துளை முகமும் உயர்ந்த நெற்றியும் 1953-க்குப் பிந்தையது என்று சொன்ன வண்டியின் அடிவயிறு வேறு எதையோ சொல்கிறது. குறுக்கு இரும்பு சேஸோடு சேரும் இடத்தில் ரிவெட்டின் குமிழ்த் தலை இருக்கிறதா, வெல்டிங் ஓடிய தழும்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரிவெட் என்றால் தொழிற்சாலை வேலை. தழும்பு என்றால் பிற்காலத்தில் ஒட்டியது.

ரிவெட்தான். அடுத்தது எண்.

வண்டியில் எண்கள் இரண்டு ஜாதி. மேடாக நிற்பவை, குழிந்திருப்பவை. மேடான எண் வார்ப்பில் வந்தது. மர அச்சில் எழுத்து மேடாக இருக்கும். அதை மணலில் அழுத்தினால் மணலில் பள்ளமாகும். உருகிய இரும்பு அந்தப் பள்ளத்தை நிரப்பினால் மறுபடி மேடாகும். அது அந்த பாகத்தின் எண். ஆயிரக்கணக்கான எஞ்சின்களில் அதே எண்ணே இருக்கும். குழிந்த எண்தான் பஞ்ச் வைத்து ஒவ்வொரு வண்டிக்கும் தனியாகக் குத்தியது. எஞ்சின் பிளாக்கின் மேடான எண்ணைப் பார்த்து அதையே வண்டி எண் என்று நினைத்துத் தேடி ஏமாறுவது, புதிதாக இந்த வேலைக்கு வருகிற எல்லோருக்கும் நடப்பது.

வில்லிஸ் தன் சேஸ் எண்ணை ஒரு சிறு தகட்டில் பொறித்து, சேஸின் இடப்பக்க நீள இரும்பின் உட்புறத்தில் ரிவெட் அடித்து வைத்தது. தகடு போனால் எண்ணும் போனது. ஃபோர்டு வேறு வழி. அதே இடப்பக்க இரும்பின் மேல்முகத்தில், முன்பகுதியில், ஜி.பி.டபிள்யூ. என்ற எழுத்துகளோடு எண்ணை நேராக இரும்பிலேயே குத்தியது. அந்த எண் வண்டியோடு முதலில் வந்த எஞ்சினின் எண்ணும்கூட. எண்பது வருஷப் பெயிண்டுக்கும் கிரீஸுக்கும் அடியில் அது இன்றும் இருக்கக்கூடும்.

ஆர்.டி.ஓ. வேலைக்குப் போனவர்களுக்கு சேஸ் பிரிண்ட் எடுக்கத் தெரியும். எண்ணின் மேல் காகிதத்தை ஒட்டி பென்சிலால் தேய்ப்பார்கள், எழுத்து வெள்ளையாக எழுந்து வரும். கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதன் தம்பி இது. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அரசனின் ஆட்சியாண்டு சிதைந்த கல்வெட்டை, எழுத்து வளைந்த விதத்தை வைத்து எந்த நூற்றாண்டு என்று கணிப்பார்கள். எழுத்தமைதி என்பது அதன் பெயர். சேஸ் எண்ணிலும் எழுத்தமைதி உண்டு. ஒரு தொழிற்சாலையில் ஒரே பஞ்ச் தொகுதிதான் புழங்கும். 4-இன் மூலை, 7-இன் வால், எழுத்துகளின் இடைவெளி எல்லாம் ஒரு முறையில் இருக்கும். கடையில் வாங்கிய பஞ்சால் பின்னாளில் அடித்த எண் அந்த வரிசையில் சேராது. கோடு நேராக இருக்காது, ஆழம் ஒன்றாக இருக்காது. மறுபடி பொறித்த எல்லாமே மோசடி என்று சொல்ல மாட்டேன். துருப்பிடித்து அழிந்த எண்ணை அனுமதி வாங்கி மறுபடி பொறிப்பதும் உண்டு. கோயிலைப் புதுப்பிக்கும்போது பழைய கல்வெட்டை நகலெடுத்துப் புதுக் கல்லில் வெட்டினால், இது பழங்கற்படி என்று அங்கேயே எழுதிவைத்த சோழர் கால வழக்கம் ஒன்று இருந்தது. ஜீப்புகளில் யாராவது அப்படி எழுதிவைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

எண்ணை வேண்டுமென்றே ராவி அழித்திருந்தால்? அப்போதும் இரும்பு எல்லாவற்றையும் மறந்துவிடுவதில்லை. பஞ்சை வைத்துச் சுத்தியால் அடிக்கும்போது கண்ணுக்குத் தெரியும் பள்ளம் மட்டும் விழுவதில்லை. பள்ளத்துக்கு அடியிலும் இரும்பின் நுண்படிகங்கள் நசுங்கி, அணு வரிசைகள் வழுக்கி, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. மேல்பரப்பை ராவித் தட்டையாக்கினாலும் அடியில் அந்த நசுங்கல் அதே எண்ணின் உருவத்தில் தங்கியிருக்கும். நசுங்கிய இடத்தில் ஆற்றல் சேர்ந்திருப்பதால் அமிலம் அங்கே வேறு வேகத்தில் அரிக்கும். தடய அறிவியல் ஆய்வகங்களில் பரப்பைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, தாமிர குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த ஃப்ரை கரைசலைத் தொட்டுத் துடைப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, அழித்த எண் நிழல்போல் மேலே வரும். சில நேரம் முழுதாக, சில நேரம் இரண்டு மூன்று இலக்கம் மட்டும். சென்னையில் 1849-இல் வேதிப் பரிசோதகர் கூடமாகத் தொடங்கி வளர்ந்த தமிழ்நாடு தடய அறிவியல் துறை இத்தகைய வேலைகளுக்கான இடம். பட்டறையில் முயலக்கூடிய காரியம் அல்ல. அரைகுறையாகச் செய்தால் இருக்கிற சாட்சியும் அரித்துப்போகும்.

ராவும்போது நசுங்கிய அடுக்கு முழுவதையும் தாண்டிவிட்டால் ஒன்றும் திரும்பாது. வெப்பம் அதைவிட மோசம். வெல்டிங்கின் சூட்டில் படிகங்கள் கலைந்து புதிதாக உருவாகும். சிக்கிக்கொண்டிருந்த அணு வரிசைகள் விடுபட்டுவிடும். பழைய எண்ணின் மேல் ஒரு நிமிஷம் வெல்டிங் தீ ஓடினால் போதும், எண்பது வருஷ ஞாபகம் அத்தோடு முடிந்தது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், இப்போது வருஷத்துக்குச் சட்டத்திலும் ஒரு மதிப்பு வந்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டைத் தாண்டிய, அடிப்படை அமைப்பு மாறாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. நம்பரில் மாநில எழுத்துக்கு அடுத்து வி.ஏ. என்று வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். அன்றாடம் ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. நல்ல விதிதான். ஆனால் சேஸ் ஒரு காலம், எஞ்சின் ஒரு காலம், புத்தகம் ஒரு காலம் என்று நிற்கும் நம் ஜீப் போன்ற வண்டிகளுக்கு ஒரே தேதியை எழுதுவது எளிதல்ல. அந்தச் சிக்கலில் அகப்படுகிறவர்கள் ஒரு வருஷத்தை நாடிப்பிடித்துச் சொல்லிவிடுகிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம். வருஷத்தைக் குத்துமதிப்பாகச் சொல்வதைவிட, இந்தப் பாகம் இந்தக் காலம் என்று ஆதாரத்தோடு பிரித்து எழுதுவது அந்த வண்டிக்குச் செய்யும் மரியாதை.

பாதுகாக்க வேண்டும் என்ற ஆசையில்தான் பெரும்பாலான சேதமும் நடக்கிறது. வண்டி வாங்கியதும் முதல் வேலை மணல் அடித்துத் துருவை எடுப்பது. பெயிண்டின் அடுக்குகள், அம்புக்குறியின் விளிம்பு, பஞ்சின் மெல்லிய கோடுகள் எல்லாம் ஒரே மத்தியானத்தில் போய்விடும். அதற்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்கலாம். மறைவான ஓர் இடத்தில், உள்ளங்கை அளவுக்கு, நைஸ் எமரி தாளில் தண்ணீர் தொட்டுச் சாய்வாகத் தேய்த்தால் ஒவ்வொரு பூச்சும் வளையம் வளையமாகத் தெரியும், மரத்தின் வயது வளையம்போல. மேலே பச்சை, அதற்கடியில் ஒரு காலத்தில் யாரோ ஆசைப்பட்டு அடித்த வெள்ளை, பிறகு சிவப்பு ஆக்ஸைடு, அதற்கும் அடியில் மங்கிய வேறொரு பச்சை. படம் எடுத்துவைத்துக்கொள்ளலாம்.

நம் ஜீப்புக்குத் திரும்பினால், இடப்பக்க இரும்பின் மேல் கிரீஸைத் துணியால் துடைத்து, மண்ணெண்ணெய் தொட்டு, மரக்குச்சியால் சுரண்டினால் ஜி.பி.டபிள்யூ. என்ற மூன்று எழுத்தும், அதன் பின் எண்ணில் சில இலக்கங்களும் தெரிகின்றன. இனி எழுதலாம்: சேஸ் ஃபோர்டு, 1942-க்கும் 1945-க்கும் இடைப்பட்டது, எஞ்சின் போருக்குப் பிந்தைய மேல்வால்வு வகை, பாடியும் முகமும் சி.ஜே.3பி, டைனமோ 1961-க்குப் பிறகு பாடி தொழிற்சாலையிலிருந்து, பதிவு 1989-க்குப் பிறகு. சொந்தக்காரர் சொன்ன 1944 இந்த வட்டத்துக்குள் விழுகிறது. ஆனால் அவர் காட்டிப் பெருமைப்பட்ட பச்சை பெயிண்ட்டிலோ முகத்திலோ அல்ல, அவர் ஒருநாளும் குனிந்து பார்க்காத இடத்தில்.

இன்னும் ஓர் இடம் பாக்கியிருக்கிறது. ஃபோர்டு தன் பாகங்களில், பல போல்ட்டுகளின் தலையில்கூட, தன் பெயரின் முதல் எழுத்தான எஃப்-ஐப் பொறித்து அனுப்பியது. கழற்றிய பழைய போல்ட்டுகள் பட்டறையின் மூலையில் ஒரு டால்டா டப்பாவில், மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும். சாயந்திரம் காயலான் கடைக்காரர் வந்து எடை போட்டு எடுத்துப் போவதற்குள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் துடைத்து, தலையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும்.